ஸ்டாப் வொர்க் வந்தால் சம்பளம் போவது யாருக்கு?

மன்னை_மைந்தன் (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். ஆறு வருடமாகச் சிங்கப்பூரில் பார்ம்வொர்க் (கான்கிரீட் ஊற்ற அச்சு அமைக்கும்) வேலை பார்க்கிறேன். இப்போது நிற்பது ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில்.

போன செவ்வாய்க்கிழமை மேன்பவரிலிருந்து (மனிதவள அமைச்சு) இரண்டு பேர் சோதனைக்கு வந்தார்கள். 9வது மாடி ஓரத்தில் ஓர் இடத்தில் ரெய்லிங் இல்லை. லிஃப்ட் குழியை மூடியிருந்த பிளைவுட்டுக்கு ஆணியும் அடிக்கவில்லை, காலால் தள்ளினால் நகர்கிறது. படம் எடுத்தார்கள், எழுதினார்கள், மதியத்துக்குள் முழுக் கட்டுமானத் தளத்துக்கும் ஸ்டாப் வொர்க் (பணிநிறுத்த உத்தரவு). இன்றோடு ஆறு நாள் ஆகிறது, டார்மில் (தொழிலாளர் விடுதி) படுத்திருக்கிறோம்.

நேற்று சூப்பர்வைசர் வந்து, "வேலை இல்லை, அதனால் சம்பளமும் இல்லை. ஸ்டாப் வொர்க் போட்டது மேன்பவர், அங்கே போய்க் கேளுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். எங்கள் அறையில் 12 பேர். எல்லோரும் வந்த அதிகாரிகளைத் திட்டுகிறார்கள். அப்புறம், மேன்பவருக்குப் போட்டோ எடுத்து அனுப்பியது யார் என்று ஒரு பங்களாதேஷ் ஆளைச் சந்தேகப்பட்டு அவரிடம் யாரும் பேசுவதில்லை.

எனக்குத் திட்ட மனம் வரவில்லை. அந்த மாடியில் நின்றவன் நான். ஆனால் ஆறு நாள் சம்பளம் என்பது வீட்டுக்கு அனுப்புகிற பணம். கேள்வி இதுதான்: ஸ்டாப் வொர்க் நாட்களுக்குச் சம்பளம் உண்டா, இல்லையா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


சிக்னல்மேன்_ராஜா

தம்பி, எங்கள் தளத்திலும் போன வருடம் இதே கதை. நாலு நாள் நின்றது. யாரும் கேட்கவில்லை, கம்பெனியும் கொடுக்கவில்லை. அதற்கப்புறம் மேன்பவர் வண்டி என்று கேட்டாலே ஆட்களுக்குப் பயம். பெல்ட் போடாததற்காகப் பயப்படவில்லை, வேலை நின்றுவிடுமோ என்றுதான் பயப்பட்டார்கள்.


பச்சை_ஹெல்மெட்

15 வருடமாகப் பாதுகாப்பு அதிகாரியாக இருக்கிறேன். சம்பளக் கேள்விக்குச் சரியான பதில் சொல்ல இங்கே வேறு ஆள் இருக்கிறார், தேக்கா அக்கா வரட்டும். மற்றதை நான் சொல்கிறேன்.

பணிநிறுத்த உத்தரவு இரண்டு வகை. ஒரு பகுதிக்கு மட்டும் போடலாம், முழுத் தளத்துக்கும் போடலாம். ஒரே ஓர் ஓரத்தில் கம்பி இல்லையென்றால் பெரும்பாலும் அந்த மாடியோடு நிறுத்துவார்கள். முழுத் தளத்தையும் நிறுத்தினார்கள் என்றால், பார்த்த இடமெல்லாம் ஒரே மாதிரிக் குறை இருந்திருக்கும். தம்பி 9வது மாடியை மட்டும் சொல்கிறார். கீழே எட்டு மாடியிலும் என்ன இருந்தது என்பது அவருக்கே தெரிந்திருக்காது.

குறைகளைச் சரிசெய்து, இனி வராமல் இருக்க என்ன செய்யப்போகிறோம் என்று எழுதிக் கொடுத்து, அதிகாரிகள் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகுதான் உத்தரவு விலகும். ஆறு நாள் ஆகிறது என்றால் அந்த வேலை இன்னும் முடியவில்லை என்று அர்த்தம். அதைச் செய்ய வேண்டியவர்கள் உங்கள் கம்பெனியும் மெயின்கானும் (முதன்மை ஒப்பந்ததாரர்).

கம்பெனிகள் உண்மையில் பயப்படுவது பாதுகாப்பு விதியை மீறினால் விழும் குற்றப் புள்ளிக்குத்தான். 18 மாதத்துக்குள் 25 புள்ளி சேர்ந்தால் புதிதாக வெளிநாட்டு ஆட்களை எடுக்க முடியாது. ஒரு தளத்தில் வாங்கிய புள்ளி அந்த ஒப்பந்ததாரரின் மற்றத் தளங்களில் வாங்கியதோடு கூடிக்கொண்டே போகும். 2024 ஏப்ரலிலிருந்து இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது: 25 புள்ளி தொட்டவர் அரசாங்கக் கட்டுமானக் குத்தகை எதற்கும் போட்டியிட முடியாமல் போகும். அபராதத்தைச் செலவுக் கணக்கில் எழுதிவிடலாம். ஆள் எடுக்க முடியாத கம்பெனி என்ன கட்டும்?

ஒரு கேள்வி, தம்பி. அந்த 9வது மாடி ரெய்லிங்கைக் கழற்றியது யார்? ஏன்? இதுவரை யாராவது உங்களிடம் அதைக் கேட்டார்களா?


சின்ன_சப்கான்

சப்கான் (துணை ஒப்பந்ததாரர்) பக்கத்தையும் யாராவது சொல்ல வேண்டும். நானும் 2005-இல் தொழிலாளியாக வந்தவன்தான், இன்று 30 பேருக்கு வேலை கொடுக்கிறேன். ஸ்டாப் வொர்க் போட்டால் லெவி (வெளிநாட்டு ஆளுக்காக அரசாங்கத்துக்குக் கட்டும் தீர்வை) நிற்காது. தேர்ச்சி பெற்ற ஆளுக்கு மாதம் 500 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), அடிப்படைத் தேர்ச்சி மட்டும் உள்ள ஆளுக்கு 900 வெள்ளி, வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் கட்டியே ஆக வேண்டும். டார்ம் வாடகை, சாப்பாடு, லாரி எல்லாம் ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

மெயின்கான் கொடுக்கிற கால அட்டவணையைப் பாருங்கள். ஒரு மாடிக்கு இத்தனை நாள் என்று முதலிலேயே கையெழுத்து வாங்கிவிடுவார்கள். மழை பெய்தாலும், கிரேன் வேறொருவருக்குப் போனாலும் அந்த நாள் மாறாது. தாமதமானால் பணத்தைப் பிடிப்பார்கள். நான் குறைந்த விலை கேட்டால்தான் வேலை கிடைக்கும். குறைந்த விலைக்கு எடுத்தவன் எந்த நேரத்தில் கம்பியைத் திரும்ப மாட்டுவான்? 2024 ஜூனிலிருந்து பல விதிகளுக்கு உச்ச அபராதம் 20,000 வெள்ளியிலிருந்து 50,000 ஆகிவிட்டது. என்னைப் போன்றவனுக்கு அது இரண்டு மாத லாபம்.

பாதுகாப்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. என் ஆளுக்கு ஏதாவது ஆனால் அவன் ஊருக்குப் போய் அவன் அம்மா முகத்தைப் பார்க்க வேண்டியவன் நான். ஆனால் சட்டத்தின் கை கடைசியில் நிற்பவனைத்தான் முதலில் பிடிக்கிறது.


மன்னை_மைந்தன்

பச்சை ஹெல்மெட் ஐயாவுக்கு: யாரும் கேட்கவில்லை. நீங்கள்தான் முதலில் கேட்கிறீர்கள்.

கழற்றியவன் நான்தான்.

அன்று காலை 9வது மாடிக்கு மேல் அடுத்த மாடிக்கான ஜாக், மரம் எல்லாம் ஏற்ற வேண்டும். அந்தப் பக்கத்தில் பொருள் இறக்கும் மேடை இல்லை. ரெய்லிங்கைக் கழற்றினால்தான் கட்டை உள்ளே வரும். டவர் கிரேன் எங்களுக்குக் கொடுத்தது 10 மணியிலிருந்து 10.40 வரை. கழற்றும்போது பெல்ட் போட்டிருந்தேன், கொக்கியையும் மாட்டியிருந்தேன். ஐந்து முறை கட்டை வந்தது. ஆறாவது வரும் என்று நின்றேன். வாக்கிடாக்கியில் "கிரேன் போகுது, மதியம் மீதி" என்றார்கள். மதியம் மீதி வரும் என்றால் இப்போது எதற்கு மாட்ட வேண்டும் என்று ஃபோர்மேன் சொன்னார். நானும் சரி என்று வேறு வேலைக்குப் போய்விட்டேன். இரண்டு கம்பியையும் சுவர் ஓரமாகச் சாய்த்து வைத்திருந்தேன். அதிகாரி எடுத்த படத்தில் அந்தக் கம்பிகளும் இருக்கின்றன.

லிஃப்ட் குழி பிளைவுட் எங்கள் வேலை இல்லை. ஆனால் தினமும் அதைத் தாண்டித்தான் போனோம்.


பச்சை_ஹெல்மெட்

நன்றி தம்பி. இதை எழுத எவ்வளவு மனம் வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

இப்போது விதியைப் பாருங்கள். 2 மீட்டருக்கு மேல் விழக்கூடிய திறந்த ஓரத்துக்கு ரெய்லிங் போன்ற தடுப்பு வேண்டும். பொருள் ஏற்ற அவசியமென்றால், அவசியமான அளவுக்கு, அவசியமான நேரத்துக்குக் கழற்றலாம். முடிந்தவுடன் திரும்ப மாட்ட வேண்டும். ஆக நீங்கள் காலையில் கழற்றியது தப்பில்லை. 10.40-க்கு மேல் திறந்து கிடந்ததுதான் தப்பு. அதைத் தீர்மானித்தது ஃபோர்மேன். ஃபோர்மேனை அப்படித் தீர்மானிக்க வைத்தது கிரேன் அட்டவணை. மேடை போடாத திட்டம் அதற்கும் முன்னால் நடந்த தப்பு.

இன்னொன்று. 3 மீட்டருக்கு மேல் விழும் ஆபத்துள்ள வேலைக்குப் பெர்மிட் (அந்த வேலையைச் செய்ய எழுத்து அனுமதி) வேண்டும். சூப்பர்வைசர் கேட்க வேண்டும், அதற்கென்று பயிற்சி பெற்ற மதிப்பீட்டாளர் நேரில் போய்ப் பார்க்க வேண்டும், மேலாளர் ஒப்புதல் கொடுக்க வேண்டும், அதன் நகல் வேலை நடக்கிற இடத்தில் ஒட்டியிருக்க வேண்டும். உங்கள் 9வது மாடியில் அந்தத் தாள் எங்கே ஒட்டியிருந்தது?


மன்னை_மைந்தன்

பெர்மிட் தாளைக் கீழே சைட் ஆபீஸ் வாசலில் பிளாஸ்டிக் உறையில் பார்த்திருக்கிறேன். மேலே பார்த்ததில்லை.


பச்சை_ஹெல்மெட்

அதுதான். 15 வருடத்தில் நான் பார்த்த விபத்துகளில் பாதியை அந்த ஒரு தாளிலேயே காட்ட முடியும். காலை 7.45-க்கு கன்டெய்னர் ஆபீஸில் ஏர்கானுக்குக் கீழே உட்கார்ந்து எட்டு பெர்மிட்டில் வரிசையாகக் கையெழுத்து விழும். எட்டிலும் ஒரே பேனா, ஒரே நேரம். எட்டு இடத்தை ஒருவர் ஒரே நேரத்தில் எப்படிப் பார்த்திருக்க முடியும்? நான் ஒருமுறை கேட்டுவிட்டேன். அடுத்த மாதம் என் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. காரணம் வேறு என்று சொன்னார்கள்.

இங்கே ஒரு குறையை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். 1 கோடி வெள்ளிக்கு மேற்பட்ட தளத்தில் பாதுகாப்பு அதிகாரி கட்டாயம். மேன்பவரில் பதிவு செய்தவராக இருக்க வேண்டும். ஆனால் அவருக்குச் சம்பளம் கொடுப்பது அவர் யாரைக் கண்டிக்க வேண்டுமோ அதே ஒப்பந்ததாரர். 3 கோடி வெள்ளிக்கு மேலான தளங்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை வெளியாள் தணிக்கை உண்டு. அவர்கள் வரும் தேதி முன்கூட்டியே தெரியும். அந்த வாரம் தளம் எப்படிப் பளபளக்கும் என்று இங்கே எல்லோருக்கும் தெரியும்.


பழைய_கை_2001

நான் சிங்கப்பூருக்கு வந்தது 2001-இல். இப்போது ஊரில் இருக்கிறேன், பேரன் பள்ளிக்கூடம் போகிறான். சட்டம் ஏன் இப்படி ஆனது என்று சிறுசுகளுக்குத் தெரியவேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

2004 ஏப்ரல் 20, பிற்பகல் மூன்றரை மணி வாக்கில். வட்ட ரயில் பாதைக்காக நிக்கல் நெடுஞ்சாலைக்குப் பக்கத்தில் தோண்டியிருந்த பள்ளம் அப்படியே உள்ளே விழுந்தது. சாலையும் சேர்ந்து போனது. 30 மீட்டருக்கு மேல் ஆழம். நாலு பேர் இறந்தார்கள். தன் ஆட்களை மேலே ஏறச் சொல்லி விரட்டி அனுப்பிய ஃபோர்மேனின் உடல் கடைசிவரை கிடைக்கவில்லை. அன்று நான் வேறு தளத்தில் கம்பி கட்டிக்கொண்டிருந்தேன். ராத்திரி டார்மில் ஒருவரும் சாப்பிடவில்லை.

பிறகு விசாரணைக் குழு உட்கார்ந்தது. பள்ளத்தின் இரண்டு சுவரையும் தாங்கி நின்ற இரும்புத் தாங்கிகளின் இணைப்பில் வடிவமைப்புக் கோளாறு. அது மட்டுமென்றால் பரவாயில்லை. சுவர் எவ்வளவு நகர்கிறது என்று அளக்கும் கருவி முன்பே எச்சரித்தது. ஒவ்வொரு முறை எல்லையைத் தாண்டும்போதும் எல்லையைத் தள்ளி வைத்தார்கள். விழுந்த அன்று காலையிலேயே கீழே நின்றவர்களுக்கு இரும்பு வளைகிற சத்தம் கேட்டிருக்கிறது.

அந்த மாதமே ஃபியூஷனோபோலிஸ் தளத்தில் இரும்புக் கம்பிக் கூண்டு விழுந்து இரண்டு பேர். மே மாதம் கப்பல் பட்டறைத் தீயில் ஏழு பேர். இரண்டு மாதத்துக்குள் 13 உயிர். அப்போதிருந்த தொழிற்சாலைச் சட்டத்தில் உச்ச அபராதமே 2 லட்சம் வெள்ளிதான். அந்தச் சட்டத்தை எடுத்துவிட்டு 2006 மார்ச்சில் இப்போதுள்ள வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் வந்தது. கம்பெனிக்கு முதல் குற்றத்துக்கே 5 லட்சம் வெள்ளி வரை அபராதம் போடலாம், தனியாளைச் சிறைக்கும் அனுப்பலாம். விபத்து நடக்காவிட்டாலும், நடக்கும் நிலையில் தளத்தை வைத்திருந்தாலே குற்றம். மைந்தன் தம்பி, உங்கள் 9வது மாடியிலிருந்து யாரும் விழவில்லை. ஆனாலும் ஸ்டாப் வொர்க் வந்தது. அது அந்த 13 பேர் போன பிறகு வந்த சட்டம்.

2004-இல் லட்சம் தொழிலாளருக்கு 4.9 பேர் என்ற கணக்கில் வேலையிடத்தில் இறந்தார்கள். 2023-இல் அது 0.99-க்கு இறங்கியது. நான் பார்த்த சிங்கப்பூரும் நீங்கள் பார்க்கும் சிங்கப்பூரும் ஒன்றில்லை.


சிக்னல்மேன்_ராஜா

பெரியவர் சொன்னது சரி. ஆனால் 2024-இல் 43 பேர், அதில் 20 பேர் கட்டுமானத்தில். முந்தின வருடம் மொத்தமே 36. இறங்கினது அப்படியே இருக்கும் என்று நினைக்க முடியவில்லை. 2022-இல் 46 பேர் போன பிறகு, செப்டம்பரிலிருந்து அடுத்த மே மாதக் கடைசி வரை தீவிரப் பாதுகாப்புக் காலம் என்று ஒன்று வைத்தார்களே, அப்போது மட்டும் எங்கள் மெயின்கானின் பெரிய முதலாளியே ஹெல்மெட் போட்டுக்கொண்டு மாடிக்கு மாடி ஏறினார். பெரிய தப்பு நடந்தால் அவரே மேன்பவருக்குப் போய் விளக்கம் சொல்ல வேண்டும் என்று இருந்தது. அந்த ஒன்பது மாதம் எங்கள் கிரேன் அட்டவணையில் ரெய்லிங் திரும்ப மாட்ட 15 நிமிடம் தனியாக எழுதியிருந்தது. காலம் முடிந்ததும் அந்த 15 நிமிடம் காணாமல் போயிற்று.


தேக்கா_அக்கா

வார இறுதியில் தொண்டூழியம் செய்கிறேன், அதனால் தாமதம். மைந்தன் தம்பி, உங்கள் கேள்விக்கு வருகிறேன்.

வொர்க் பெர்மிட் (வெளிநாட்டு ஊழியர் இங்கே வேலை பார்க்கும் அனுமதி) நிபந்தனைகளில் தெளிவாக இருக்கிறது: வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும், பதிவு செய்த மாதச் சம்பளத்துக்குக் குறையாமல் முதலாளி கொடுக்க வேண்டும். நீங்களே சம்பளமில்லா விடுப்பில் சிங்கப்பூருக்கு வெளியே போயிருந்தால்தான் விலக்கு. டார்மில் உட்கார்ந்திருப்பது விடுப்பில்லை. அந்தப் பதிவுச் சம்பளம் எவ்வளவு என்பது நீங்கள் வருவதற்கு முன் கையில் வாங்கிய ஐபிஏ (முன் ஒப்புதல்) கடிதத்தில் இருக்கும். தமிழிலும் இருக்கும், தேடி எடுங்கள். ஓடி (கூடுதல் நேரச் சம்பளம்) கிடைக்காது, அது உழைத்தால்தான். பேசிக் (அடிப்படைச் சம்பளம்) கிடைத்தே ஆக வேண்டும்.

முதலில் கம்பெனியிடம் கேளுங்கள். கேட்டதற்கு அடையாளம் இருக்கும்படி வாட்ஸ்அப்பில் கேளுங்கள். கொடுக்கவில்லையென்றால் வெளிநாட்டு ஊழியர் நிலையத்தின் 6536 2692 எண்ணுக்குப் பேசுங்கள், 24 மணி நேரமும் எடுப்பார்கள், தமிழிலும் பேசலாம்.

அப்புறம் அந்தப் பங்களாதேஷ் சகோதரர் விஷயம். அவர் போட்டோ அனுப்பினாரா இல்லையா என்று எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. அனுப்பியிருந்தாலும் அதைக் காரணமாக வைத்து முதலாளி அவரை வேலையை விட்டு நீக்கக் கூடாது, மிரட்டக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. முதலாளிக்கு இருக்கிற அந்தத் தடை உங்கள் அறைக்கு இல்லை என்பதற்காக நீங்கள் செய்யலாமா? தயவு செய்து அவரோடு உட்கார்ந்து சாப்பிடுங்கள்.

உண்மையான பயம் எங்கே இருக்கிறது என்றும் எனக்குத் தெரியும். நீக்க மாட்டார்கள். வொர்க் பெர்மிட் முடியும்போது புதுப்பிக்காமல் விட்டுவிடுவார்கள், அதற்குக் காரணம் சொல்ல வேண்டியதே இல்லை. கட்டுமான ஊழியர் பெர்மிட் முடிய 40 நாள் இருக்கும்போதிலிருந்து 21 நாள் வரை, பழைய முதலாளியின் ஒப்புதல் இல்லாமலே வேறு கம்பெனிக்கு மாறலாம். இருக்கிற வழி அந்த மூன்று வாரம்தான். ஏஜெண்டுக்குக் கொடுத்த கடன் இன்னும் முடியாதவனுக்கு அது போதாது. ஓரத்தில் நிற்பவன் "நிறுத்து" என்று சொல்ல முடியாத வரை, அதிகாரி வரும் நாளில்தான் சட்டம் தளத்துக்கு வரும்.


அறந்தாங்கி_மதி

நான் சிங்கப்பூரில் இல்லை. என் அண்ணன் அங்கே இருந்தார். 2018-இல் சாரத்திலிருந்து குதிகால் தரையில் பட விழுந்தார். கம்பெனி ஒரு கிளினிக்குக்குக் கூட்டிப்போனது. இரண்டு நாள் எம்சி (மருத்துவ விடுப்பு), பிறகு ஒரு மாதம் லைட் டியூட்டி (இலகுவான வேலை) என்று சீட்டு. குதிகால் எலும்பு உடைந்திருந்தது. அந்த ஒரு மாதமும் அவரை லாரியில் ஏற்றிக் கொண்டுபோய் சைட் ஆபீஸில் நாற்காலியில் உட்கார வைத்து, மாலையில் திரும்ப ஏற்றி வந்தார்கள். வீடியோ காலில் எனக்கு முகத்தை மட்டும்தான் காட்டுவார். ஊருக்கு வந்த பிறகுதான் காலைப் பார்த்தோம். இப்போது ஏணி ஏற மாட்டார், வயலில் வரப்பில்கூட ஊன்றி நடக்கிறார்.

ஏன் இரண்டு நாள் எம்சி என்று அப்போது எங்களுக்குப் புரியவில்லை.


தேக்கா_அக்கா

மதிம்மா, படித்துவிட்டுச் சிறிது நேரம் எதுவும் எழுத முடியவில்லை.

அப்போது மூன்று நாளுக்கு மேல் எம்சி என்றால்தான் முதலாளி மேன்பவரிடம் தெரிவிக்க வேண்டும். இரண்டு நாள் சீட்டுக்கு அதுதான் காரணம். புதிய வேலைக்காய இழப்பீட்டுச் சட்டம் 2020 செப்டம்பர் 1 முதல் அந்த ஓட்டையை அடைத்தது. இப்போது ஒரு நாள் எம்சி, ஒரு நாள் லைட் டியூட்டி என்றாலும் தெரிவித்தாக வேண்டும். 2025 நவம்பர் 1 முதல் நடக்கும் விபத்துகளுக்கு உச்ச வரம்பும் ஏறியிருக்கிறது: இறப்புக்கு 2,69,000 வெள்ளி, நிரந்தர ஊனத்துக்கு 3,46,000, மருத்துவச் செலவுக்கு 53,000. இங்கே படிக்கிற தம்பிகளுக்கு: அடிபட்டால் டாக்டரிடம் எப்படி அடிபட்டது, எங்கே அடிபட்டது என்று நீங்களே சொல்லுங்கள். கூட வந்த சூப்பர்வைசர் சொல்லட்டும் என்று சும்மா இருக்காதீர்கள்.


வரைபட_மேசை

கட்டமைப்புப் பொறியாளர், இங்கேயே பிறந்து வளர்ந்தவன். மேடை போடாத திட்டம் பற்றிச் சொன்னீர்கள். 2016 ஆகஸ்டிலிருந்து 1 கோடி வெள்ளிக்கு மேலான திட்டங்களில், வடிவமைக்கும்போதே கட்டுகிறவனுடைய ஆபத்தை யோசிக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. கூட்டம் போட்டு, ஆபத்துகளைப் பதிவேட்டில் எழுதி, குறைக்க வழி காட்ட வேண்டும். என் அனுபவத்தில் அந்தக் கூட்டத்தில் மாடி ஓரத்தைப் பற்றி ஒரு வரி எழுதுவோம்: "தடுப்பு அமைக்கவும்". எந்த மாடியில், எந்தப் பக்கத்தில், கிரேன் எங்கிருந்து கட்டையைக் கொடுக்கும் என்று நான் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. இந்த இழையைப் படித்த பிறகு கேட்பேன்.

இன்னொன்று, பெல்ட் பற்றி. மைந்தன் கொக்கி மாட்டியிருந்தேன் என்றார், நல்லது. ஆனால் எல்லோரும் தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் கயிறு 1.8 மீட்டர். விழும்போது அதிர்ச்சி தாங்கும் பை கிழிந்து 1.75 மீட்டர் வரை நீளும். முதுகு வளையத்திலிருந்து பாதம் வரை ஒன்றரை மீட்டர். கீழே ஒரு மீட்டராவது இடைவெளி வேண்டும். கூட்டினால் கிட்டத்தட்ட 6 மீட்டர். கால் மட்டத்தில் மாட்டினால் இன்னும் கூடும். ஒரு மாடி உயரம் 3 மீட்டர்தான். உள்பக்கம், ஒரு மாடி மட்டும் கீழே விழக்கூடிய இடத்தில் அந்தக் கயிறு இழுத்துப் பிடிப்பதற்குள் நீங்கள் தரையில் இருப்பீர்கள். அங்கே உயிரைக் காப்பது ரெய்லிங்கும் ஆணி அடித்த பிளைவுட்டும்தான். பெல்ட் போட்டிருக்கிறானே, ரெய்லிங் எதற்கு என்று சொல்கிற ஃபோர்மேனுக்கு இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.


சின்ன_சப்கான்

இத்தனை வருடம் தளத்தில் இருந்தும் இந்தக் கூட்டலை நான் போட்டுப் பார்த்ததில்லை. நாளை காலை டூல்பாக்ஸ் மீட்டிங்கில் (வேலைக்கு முன் நடக்கும் பாதுகாப்புக் கூட்டம்) தரையில் சுண்ணாம்பால் 6 மீட்டர் கோடு போட்டுக் காட்டப்போகிறேன்.

கேமரா பற்றி யாரும் பேசவில்லையே. 50 லட்சம் வெள்ளிக்கு மேலான தளங்களில் 2024 ஜூனிலிருந்து கேமரா கட்டாயம். எங்கள் மெயின்கான் அதை வைத்து ஆட்களைப் பிடிக்கிறார். யார் பெல்ட் போடவில்லை என்று ஸ்கிரீன்ஷாட் எடுத்து குரூப்பில் போடுகிறார். அதே கேமராவில் 10.40-க்குக் கிரேன் போனதும், அதற்குப் பிறகு ஓரம் திறந்து கிடந்ததும் பதிவாகியிருக்குமே? அதை யார் பார்க்கிறார்கள்?


பச்சை_ஹெல்மெட்

சப்கான் அண்ணே, இந்த இழையில் மிக முக்கியமான கேள்வி அதுதான். உங்கள் கடைசி வரியை என் மெயின்கான் கூட்டத்தில் அப்படியே கேட்கப்போகிறேன். விலை பற்றி நீங்கள் முன்பு சொன்னதற்கும் ஒரு சேதி: 2024 ஏப்ரலிலிருந்து அரசாங்கக் கட்டுமானக் குத்தகைகளில் மதிப்பெண்ணில் குறைந்தது 5 விழுக்காடு பாதுகாப்புக்கு. என்னைக் கேட்டால் 5 மிகக் குறைவு. ஆனால் முன்பு கணக்கில் அந்த வரியே கட்டாயமாக இல்லை.


மன்னை_மைந்தன்

எல்லோருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

ஒன்பதாவது நாள் உத்தரவு விலகியது. அக்கா சொன்னபடி ஐபிஏ கடிதத்தைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் கம்பெனி ஆபீஸுக்கு அனுப்பிக் கேட்டேன். இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள் அறையிலிருந்து இன்னும் ஏழு பேர் அதே மாதிரி அனுப்பினார்கள். மாதக் கடைசியில் எங்கள் எட்டு பேருக்கும் பேசிக் வந்தது. கேட்காத நாலு பேருக்கு வரவில்லை. இப்போது அவர்களும் அனுப்பியிருக்கிறார்கள்.

9வது மாடியில் பொருள் இறக்கும் மேடை போட்டிருக்கிறார்கள், இரும்புக் கதவோடு. கட்டை வரும்போது கதவு திறக்கும், போனதும் நாங்கள் மூட வேண்டும். லிஃப்ட் குழிகளுக்கெல்லாம் சிவப்புப் பெயிண்ட் அடித்து, நான்கு மூலையிலும் போல்ட். பெர்மிட் தாள் இப்போது மேலே தூணில் ஒட்டியிருக்கிறது. நேற்று மழையில் நனைந்து எழுத்து அழிந்திருந்தது. கீழே போய்ச் சொன்னேன். புதிது கொண்டுவரும் வரை 20 நிமிடம் நாங்கள் நாலு பேரும் ஓரத்துக்குப் போகாமல் நின்றோம். ஃபோர்மேன் கடிகாரத்தைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

அந்தப் பங்களாதேஷ் சகோதரரிடம் பேசினேன். போட்டோ அனுப்பியது அவர் இல்லையாம். அன்று அவர் 3வது மாடியில் பூச்சு வேலையில் இருந்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை அவரை எங்கள் சமையலுக்குக் கூப்பிட்டிருக்கிறேன்.


அறந்தாங்கி_மதி

மைந்தன் அண்ணா, அந்தக் கதவை மறக்காமல் மூடுங்கள்.